மின்காருக்கு முன் வீட்டு வயரிங்

சிவனசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து பெற்ற மின்சாரம் 1902-ஆம் ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றது. 1908-இல் மைசூர் நகரிலும் மின்விளக்கு எரிந்தது. இன்று அந்நகரின் வீட்டு வாயில்களில் மின்கார்கள் நிற்கின்றன. ஆயினும் பழைய வீடுகள் பலவற்றின் வயரிங், விளக்கையும் விசிறியையும் கருதிப் போடப்பட்டதே. ஆபத்து காரில் இருப்பதைவிடச் சுவரில் இருப்பதே அதிகம் என்பது நம் கருத்து.

3.3 கிலோவாட் சார்ஜர் 230 வோல்ட்டில் சுமார் 14 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். வெந்நீர் போடும் கீசரும் ஏறக்குறைய இவ்வளவு இழுப்பதுண்டு; ஆனால் அது சிறிது நேரமே. காரோ இரவில் ஆறு, எட்டு மணி நேரம் இழுக்கிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப உஷ்ணம் பிறக்கும் என்பது பள்ளிப் பாடம். பிளக்கின் தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருப்பின், அச்சிறு இடத்தில் ஏறத்தாழ 20 வாட் உஷ்ணம் தோன்றும். ஈயம் உருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றை இரவெல்லாம் சுவரில் செருகி வைத்தது போன்றதே இது.

“எம்.சி.பி. இருக்கிறதே” என்று பலர் ஆறுதல் கொள்கின்றனர். அது மிகையான மின்னோட்டத்தையே அறியும். 14 ஆம்பியரில் கருகும் இணைப்பை அறியாது. கசிவைக் கண்டு உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி.யும் இதனை அறியாது. ஆகவே முதற்காவல் நல்ல வயரிங்கே.

மீட்டர்ப் பலகையிலிருந்து காருக்கென்றே தனிச் செம்புக் கம்பி வர வேண்டும். 4 சதுர மில்லிமீட்டர் கனமுள்ளது நன்று. அதற்குத் தனி எம்.சி.பி.யும், மின்காருக்கு ஏற்ற வகை ஆர்.சி.சி.பி.யும் அவசியம். பிளக்கில் மூன்றாவது துளை இருப்பதனாலேயே எர்த் இருப்பதாகக் கொள்ளலாகாது. அதை அளந்தே அறிய வேண்டும். எக்ஸ்டென்ஷன் கம்பி கூடவே கூடாது. இப்பணியை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்தல் வேண்டும். தேவையாயின், மின் விநியோக நிறுவனத்திடம் லோடை உயர்த்திக் கொள்ளவும் வேண்டும்.

இவற்றுக்குச் செலவு உண்டு. வாடகை வீட்டில் அதனை யார் ஏற்பது என்ற தகராறும் உண்டு. எனினும் காரின் விலையோடு ஒப்பிட்டால் இச்செலவு சிறிதே. வீட்டில் உறங்குவோரின் உயிரோடு ஒப்பிட்டால் பேசவே தகாது.

ஊழியர்கள் மின்கார் உள்ள வீட்டுக்குச் செல்லும்போது ஒன்று சொல்லலாம்: ஒரு மணி நேரம் சார்ஜ் ஆனதும் சுவிட்சை அணைத்து, புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் அதை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கைக் கரும்பலகையில் போடட்டும். அதைப் போட்டுப் பார்த்த மாணவன், தன் வீட்டுப் பிளக்கைப் பற்றித் தந்தையிடம் கேட்காமல் இரான்.