சிறைப்பட்ட மீனவர்களின் பிள்ளைகளுக்கு மனநல உதவி வேண்டி மனு

அனுப்புநர்
மீனவப் பெண்கள் சங்க உறுப்பினர்கள்,
பாம்பன் தீவு.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பொருள்: இலங்கைச் சிறைகளில் உள்ள மீனவர்களின் பிள்ளைகளுக்கும் குடும்பத்தாருக்கும் மனநல உதவி கோருதல் – தொடர்பாக.

ஐயா,

எங்கள் வீட்டு ஆண்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால் எத்தனை படகு, எத்தனை பேர் என்ற கணக்கு அன்றைக்கே தங்கள் பார்வைக்கு வந்துவிடுகிறது. அவர்களை மீட்கவும் படகுகளை விடுவிக்கவும் பலமுறை மனு கொடுத்திருக்கிறோம். இந்த மனு, அவர்கள் வீட்டில் விட்டுப்போன பிள்ளைகளுக்காக.

விசைப்படகு கடலுக்குப் போனால் மறுநாள் காலை கரை சேரும். எங்கள் பிள்ளைகள் அறிந்த கணக்கு அது. எங்கள் தெருக்காரர் ஒருவர் பிடிபட்ட அன்று, ஏழாம் வகுப்பு படிக்கும் அவர் மகன் பள்ளிச் சீருடையோடு ஜெட்டியில் நின்று, வந்த ஒவ்வொரு படகிலும் "எங்கப்பா படகைப் பாத்தீங்களா?" என்று கேட்டான். விடியும் முன்பே விஷயம் தெரிந்திருந்தும் பெரியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் யாரோ ஒருவரின் செல்போனில், வரிசையாக உட்கார வைக்கப்பட்டவர்களின் படத்தில், சட்டையை வைத்து அப்பாவைக் கண்டுபிடித்தான். அதன்பின் இரவில் படுக்கையை நனைக்கிறான். தம்பியைக் காரணமில்லாமல் அடிக்கிறான். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். ஆசிரியருக்கு எதுவும் தெரியாது. சொல்ல வேண்டியவர் யார் என்பதும் யாருக்கும் தெரியாது.

தாயின் நிலை இதைவிட மோசம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் "இந்தத் தடவை விட்டுருவாங்க" என்று பிள்ளைகளிடம் சொல்கிறாள். காவல் நீட்டிக்கப்பட்டதும், பொய் சொன்னவளாகப் பிள்ளைகள் முன் நிற்கிறாள். வட்டிக்காரரும் வாசலுக்கு வருகிறார். விடுதலையாகி வந்த பிறகும் துன்பம் தீர்வதில்லை. 2024 செப்டம்பரில் சிலர் மொட்டையடிக்கப்பட்ட தலையோடு திரும்பியதை இந்தத் தீவே பார்த்தது. அந்த அவமானத்தைப் பேசத் தெரியாத ஆண்கள் குடியில் இறங்குகிறார்கள். அடி பிள்ளைகள் மேல் விழுகிறது.

2004 சுனாமிக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் மனநலப் பயிற்சி கொடுத்தது. ஊரே மொத்தமாக அழுததால் உதவி வந்தது. எங்கள் துயரம் ஒவ்வொரு படகாக வருகிறது. அதனால் பேரிடர்க் கணக்கில் சேருவதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறுவதை எல்லோருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் இருக்கிறது. ஆனால் 'பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம்' என்ற கூச்சத்தால் எங்கள் பெண்கள் அந்த எண்ணை அழுத்துவதில்லை. ஆகவே உதவி எங்களைத் தேடி வர வேண்டும் என்று கேட்கிறோம்.

முதலாவதாக, கைதுச் செய்தி உறுதியானதும் மீன்வளத் துறை அலுவலர் ஒருவர், பயிற்சி பெற்ற பெண் ஆலோசகரோடு, அன்றே வீட்டுக்கு வந்து நேரில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை இனி வேண்டாம். தாயின் சம்மதத்தோடு, முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகப் பள்ளித் தலைமையாசிரியருக்கும் அன்றே தகவல் போக வேண்டும். மாவட்ட மனநலத் திட்டக் குழு வாரம் ஒருநாள் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் அமர வேண்டும். அதுவும் மாலையில், பகலில் நாங்கள் மீன் விற்கப் போய்விடுவோம்.

சிறையில் உள்ள தந்தை வாரம் ஒருமுறையாவது பிள்ளைகளோடு தொலைபேசியில் பேச, யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் வழியாக ஏற்பாடு செய்யுமாறு வெளியுறவு அமைச்சகத்துக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். ஐந்து நிமிடம் போதும். அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதைப் பிள்ளை காதால் கேட்க வேண்டும். நாங்கள் கேட்பவற்றில் தள்ளிப்போடவே முடியாதது இதுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் கரையில் இருப்பார்கள். சிறை சென்று திரும்பியவர்களுக்கான மனநல முகாமை அப்போது நடத்தினால் அவர்களும் வருவார்கள்.

எதிர்க்கரையில், எங்கள் பக்கத்து இழுவைமடிகளால் வலை இழந்து நிற்கும் வடஇலங்கை மீனவர் வீடுகளிலும் பிள்ளைகள் தூங்காமல் கிடக்கிறார்கள் என்பதை அறிவோம். இரு நாட்டு மீனவர் பேச்சுவார்த்தை மீண்டும் நடக்கும்போது, பிள்ளைகளின் நிலையையும் பேசுபொருளாகச் சேர்க்க அரசுக்குப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பள்ளி திறந்து முதல் வாரத்துக்குள் மேற்கண்ட அலுவலர்களோடு எங்களையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்தப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் இணைக்கப்பட்டுள்ளன)