மட்டை வீச்சின் வேகம்

அமெரிக்க ஐக்கிய நாட்டு வாலிபர் பெரிதும் போற்றும் ஆட்டங்களுள் ஒன்று பேஸ்பால். கிரிக்கெட்டைப் போலவே இதிலும் ஒருவன் எறிய மற்றொருவன் அடிப்பான். எனினும் பந்து தரையிற் படாது நேரே வரும். மட்டையும் தட்டையாயின்றி உலக்கைபோல் உருண்டிருக்கும். இம்மட்டையை விரைந்து வீசுதற்கென்றே இக்காலத்துப் பலவகைப் பயிற்சிகள் பெருகியுள்ளன. அவற்றைப் பற்றிய எம் கருத்தை ஈண்டுக் கூறத் துணிகின்றோம்.

வேகம் வேண்டுவதே என்பதில் ஐயமில்லை. எறிபவன் நிற்கும் மேட்டிற்கும் அடிப்பவன் நிற்கும் தட்டிற்கும் இடையே உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் எறியப்பட்ட பந்து ஏறக்குறைய 0.4 விநாடியில் அடிப்பவனை அடைந்துவிடும். அதனுள்ளும் மட்டையை வீசுதற்கு மட்டும் ஏறத்தாழ 0.15 விநாடி கழியும். எஞ்சிய சிறுபொழுதிலேயே பந்தின் போக்கை உணர்ந்து, அடிப்பதா விடுவதா எனத் தெளிதல் வேண்டும். மேலும், மட்டையின் வேகம் மணிக்கு ஒரு மைல் மிகுந்தால், நன்கு அடிபட்ட பந்தின் வேகம் ஏறத்தாழ 1.2 மைல் மிகும் என்பர் இயற்பியலார். ஆதலின் இளைஞர் இவ்வேகத்தை நாடுதல் இயல்பே.

ஆனால் நாடும் வழி செம்மையாயிருத்தல் வேண்டும். ஆடுகளம் புகுமுன் மட்டையிற் கனத்த வளையமொன்றை மாட்டி வீசிப் பழகுதல் நெடுநாளைய வழக்கம். வளையத்தைக் கழற்றியவுடன் மட்டை இலேசாகத் தோன்றும். தன் கை விரைவு பெற்றதென அடிப்பவன் மகிழ்வான். கருவி கொண்டு அளந்தோர் கண்டதோ வேறு. வளையம் கழற்றிய பின் வீச்சு விரைவு பெறவில்லை, குறைந்ததும் உண்டு. உடல் உணர்வதை மட்டும் நம்பிப் பயில்வோன் தன் உழைப்பை வீணாக்கக் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

தக்க பயிற்சியாவது, தன் மட்டையினும் சிறிதே கனத்ததையும் சிறிதே இலேசானதையும் மாற்றி மாற்றி, முழு வலியோடும், போதிய ஓய்வோடும், வாரக்கணக்கில் வீசிப் பழகுதலாம். வீச்சின் வலி கையிற் பிறப்பதன்று. காலூன்றிய நிலத்திற் றொடங்கி, இடுப்பின் வழியாக மார்பிற்கேறி, இறுதியிலேயே கையை எய்துவது. ஆதலின் காலையும் இடுப்பையும் வலுப்படுத்தாது தோளை மட்டும் வருத்துவதாற் பெரும்பயன் இல்லை.

இனி, வேகமே முழுத்திறமை அன்று. 2024 ஆம் ஆண்டிற் பெருங்குழுக்களின் ஆட்டக்காரர் தம் வீச்சுவேகம் பொதுமக்கள் அறிய வெளியிடப்பட்டது. சராசரி மணிக்கு ஏறத்தாழ 72 மைல். ஜியான்கார்லோ ஸ்டாண்டன் சுமார் 81 மைல் வேகத்தில் வீசி முதல்வராயினார். லூயிஸ் அராயஸ் என்பார்க்கோ சுமார் 63 மைலே; எல்லாரினும் பின்னின்றார். ஆயினும் 2022, 2023, 2024 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து, மூன்று வேறு குழுக்களில் ஆடி, அடித்தற் சராசரியில் தம் லீகின் முதலிடத்தைப் பெற்றவர் இவரே! இவர் வீச்சு குறுகியது. பந்தை நெடிது நோக்கியே அடிப்பார். மட்டையை நெடுவட்டமாய்ச் சுழற்றி வேகம் தேடுவோர், பந்தைக் கண்டு தெளியும் காலத்தை அதற்கு விலையாய்க் கொடுக்கின்றனர். 2018 ஆம் ஆண்டில் முதன்முறையாக, பெருங்குழுக்களின் ஆட்டங்களில் வெற்றியடிகளின் தொகையினும் ‘ஸ்டிரைக் அவுட்’ தொகை மிகுந்தது. எறிவோர் திறமும் அதற்குக் காரணமே. எனினும் வலிய வீச்சையே விரும்பிய மனப்பான்மைக்கும் அதிற் பங்குண்டு.

இந்நாளில் மட்டையின் அடியிற் பொருத்திய சிறு கருவியொன்று பள்ளிச் சிறுவனுக்கும் அவன் வீச்சுவேகத்தை உடனே எண்ணாற் காட்டிவிடும். அளவு நன்றே, வளையத்தின் மயக்கத்தை வெளிப்படுத்தியதும் அளவன்றோ? ஆயின் அவ்வெண்ணொன்றையே கொண்டு ஒரு சிறுவனைத் தேர்வதும் தள்ளுவதும் தகாது. அங்ஙனம் செய்யின், வருங்கால அராயஸ் ஒருவன் ஆடுகளத்தின் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படுவான். வேகத்தைப் பயிற்றுக, அதனை அளந்தும் அறிக, ஆனால் பந்தைக் காணும் கண்ணையும் உடன் பயிற்றுக என்பதே ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் யாம் கூறுவது.