குழந்தையைக் கழிப்பிடத்திற்குப் பழக்கும் பருவம்

சங்கத்துக் கணக்குகளைப் பார்வையிடக் கடமைப்பட்ட ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர், சிறு குழந்தைகளின் மலஜலப் பழக்கத்தைப் பற்றி எழுதத் துணிவானேன் என்று அங்கத்தினர் அன்பர்கள் ஐயுறக்கூடும். காரணம் எளிது. இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நான் செல்லுமிடங்களில், மகளிர் அங்கத்தினர் பலர் கூட்டத்திற்கு வராமைக்கும் வேலைக்குத் திரும்பாமைக்கும் சொல்லும் காரணங்களுள் இதுவும் ஒன்று: "பிள்ளை இன்னும் சொல்லிப் பழகவில்லை, யாரிடம் விட்டுவிட்டு வருவது?" குழந்தைக் காப்பகங்களிலும் மழலையர் பள்ளிகளிலும் சில, கழிப்பிடம் பழகிய குழந்தையையே ஏற்போம் என்கின்றன. ஆகவே ஒரு குடும்பத்தின் வருமானமே இவ்விஷயத்தில் சிக்கிக்கொள்கிறது.

என் வீட்டில் நிகழ்ந்ததையே முதலில் கூறிவிடுகிறேன். என் மகளுக்கு ஒரு வயதும் பத்து மாதங்களும் ஆகியிருந்த சமயம் என் துணைவியாரின் விடுப்பு முடிந்தது. நாங்கள் அணுகிய பள்ளியில் மேற்சொன்ன நிபந்தனையை விதித்தார்கள். மூன்று வாரங்களுக்குள் பழக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். தவணை கடந்த கடனை வசூலிக்கும் முறையைத் தவிர வேறு முறை எனக்குத் தெரியாது போலும்! காலையில் அரைமணி நேரம், மாலையில் அரைமணி நேரம் என்று குழந்தையை உட்கார்த்தி வைத்தேன், அதட்டினேன், ஒருநாள் அடிக்கவும் செய்தேன். அதன்பின் அவள் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று மலத்தை அடக்கத் தொடங்கினாள். ஐந்தாம் நாள் வலி தாளாமல் அலறிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினோம். மலம் தங்கினால் இறுகும், இறுகினால் வெளியேறும்போது வலிக்கும், அவ்வலிக்கு அஞ்சிக் குழந்தை மேலும் அடக்கும் என்று அவர் விளக்கினார். இச்சுழலிலிருந்து அவளை மீட்க, மலத்தை இளக்கும் மருந்தைப் பல வாரங்கள் கொடுக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய அவசரம் நமக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க அரசாங்கம் தாய்மார்களுக்கென வெளியிட்ட கைந்நூலே, பிறந்து சில மாதங்களுக்குள் பழக்கத்தைத் தொடங்குமாறு போதித்தது. பின்னர் பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர், பத்தாண்டுக் காலத்தில் தம்மிடம் வந்த 1,170 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து 1962இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குழந்தை ஆயத்தமாகும் வரை காத்திருந்து, வற்புறுத்தாமல் பழக்கியதில், பகற்பொழுதுப் பழக்கம் சராசரியாக 28.5 மாதத்தில் நிலைத்தது என்பது அதன் சாரம். அதாவது இரண்டே கால் வயது கடந்தபின்! நான் என் மகளை அதட்டியது அதற்கு ஆறு மாதங்களுக்கும் மேல் முற்பட்ட பருவத்தில்.

"எங்கள் காலத்தில் ஒரு வயதுக்குள் பழகிவிடவில்லையா?" என்று என் தாயார் கேட்டார். அவர் கூற்றும் பொய்யன்று. கால்களை நீட்டி அமர்ந்து, பாதங்களுக்கிடையே குழந்தையை இருத்தி, "உஸ்" என்று ஒலி எழுப்பிக் கழிக்கச் செய்யும் வழக்கம் நம் வீடுகளில் நெடுங்காலமாக உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ மக்கள் ஐந்தாறு மாதங்களிலேயே தம் குழந்தைகளைப் பழக்கிவிடுகின்றனர் என்று 1977இல் வெளியான ஓர் ஆராய்ச்சியும் கூறுகிறது. ஆனால் அங்கே நடப்பது யாது? குழந்தையின் முகக்குறியையும் முனகலையும் அறிந்து உடனே தூக்கிச் செல்ல, தாயோ மற்றொருவரோ எந்நேரமும் உடனிருக்கின்றனர். பழகுவதில் பாதி பெரியவருடையது. குழித்தறியில் அமர்ந்து மிதிகட்டையை மிதிக்கும் தாய், இழையை நடுவில் விட்டு எத்தனை முறை எழ முடியும்? காசிமேட்டுக்கு விடியுமுன் மீன் ஏலத்திற்குச் செல்லும் தாய்க்கு அது எப்படி இயலும்? வீட்டில் பாட்டியார் இருந்தால் பழைய முறையைத் தாராளமாகக் கையாளலாம். இல்லாதவர்கள் குழந்தை தானே ஆயத்தமாகும் வரை காத்திருப்பதே அறிவுடைமை என்பது என் அபிப்பிராயம்.

ஆயத்தத்தை அறிவது கடினமன்று. இரண்டு மணி நேரமேனும் துணி நனையாமலிருத்தல், நனைந்த துணியைத் தானே இழுத்துக் காட்டுதல், மலம் வரும் சமயம் மூலையை நாடுதல், நடந்து சென்று குந்தவும் எழவும் இயலுதல், "செருப்பை எடுத்து வா" என்பது போன்ற சிறு சொல்லுக்கு இணங்குதல் ஆகியவற்றுள் பெரும்பாலானவை தென்பட்டால் தொடங்கலாம். ஒன்றரை வயது முதல் இவை சிறிது சிறிதாகத் தோன்றும். பலருக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்தான் கூடிவரும். உணவு உண்டு சிறிது நேரத்தில் குடல் இயங்குவது இயற்கையாதலால், அப்போது ஐந்து நிமிடம் உட்கார்த்தினால் போதும். இரவில் படுக்கை நனைவது வேறு விஷயம். ஐந்து வயது வரையிலும் அது சாதாரணமே.

வீட்டில் குழப்பம் உள்ள காலத்தில் தொடங்கலாகாது. அடுத்த குழந்தை பிறந்திருக்கும் சமயமும், வீடு மாறும் சமயமும் அத்தகையன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்ததை மறந்திருக்கமாட்டோம். அத்தகைய நாட்களில் பழகிய குழந்தையும் பழையபடி துணியிலேயே போய்விடக்கூடும். அதற்காக அடிப்பது பெரும்பிழை.

நம் பகுதிக்கே உரிய இடையூறு ஒன்றுண்டு. ஒற்றை அறை வீடுகளில் வாழும் பலருக்குத் தெருக்கோடியிலுள்ள பொதுக் கழிப்பிடமே கதி. காலை வேளையில் வரிசை, உள்ளே இருட்டு, வழுக்கும் தரை, குழந்தையின் கண்ணுக்கு விழுங்கிவிடும்போல் தோன்றும் குழி. பெரியவர்களே முகம் சுளிக்கும் அவ்விடத்தில் இரண்டு வயதுக் குழந்தை அஞ்சுவதில் வியப்பென்ன? வீட்டு மூலையில், பாதங்கள் தரையில் நன்கு ஊன்றும்படியான ஒரு சிறு பிளாஸ்டிக் சட்டி இருந்தால் இக்கஷ்டம் தீரும். கடைக்காரர்கள் அதைப் 'பாட்டி' என்றே விற்கிறார்கள். மெய்யான பாட்டி இல்லாத வீட்டில் அப்பெயர் பொருத்தமே! ஆனால் அதிலுள்ளதைச் சாக்கடையிலோ கால்வாய் ஓரத்திலோ கொட்டாமல் கழிப்பிடத்திலேயே கொட்டிவிட்டு, சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். பச்சைக் குழந்தையின் மலம் தீங்கற்றதென்று பலர் கருதுகின்றனர். நோய்க்கிருமிகளைப் பொறுத்தவரை அது பெரியவர்களுடையதைவிடத் தூயதன்று.

இனிச் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண் தொழிலாளர்களின் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்குமாறு விதித்தபோது, பழகிய குழந்தை, பழகாத குழந்தை என்று பிரிக்கவில்லை. தறிக்கூடமும் பண்டசாலையும் உள்ள சங்கங்கள் ஓர் அறையும், ஓர் ஆயாவும், தண்ணீர் வசதியும், நான்கைந்து சட்டிகளும் ஏற்பாடு செய்வதற்குப் பொது நல நிதியிலிருந்து எவ்வளவு ஒதுக்க இயலும் என்பதை வரும் மகாசபையில் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து விவாதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஈரத் துணியோடு வரும் குழந்தையையும் ஏற்பது என்று தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும்.

என் மகள் இரண்டு வயதும் எட்டு மாதங்களும் ஆனபோது, எவரும் அழைக்காமலே சட்டியை இழுத்துவந்து உட்கார்ந்தாள். அது வரை மூன்று மாதங்கள் நாங்கள் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அந்நாட்களில் காலை வேளையில் நானும் பிற்பகலில் என் தாயாரும் அவளைப் பார்த்துக்கொண்டோம்.