சின்ன ஆணிதானே என்று விடலாமா?

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டைப் பார்த்திருக்கிறீர்களா? காய் வந்து குவியும். அதைப் பெரியது, சிறியது, நல்லது, சொத்தை என்று கையால் பொறுக்கிப் பிரிப்பார்கள். ஓர் அழுகல் காய் உள்ளே போனால் போதும். வெளியூர் போய்ச் சேருவதற்குள் மூட்டையையே கெடுத்துவிடும். அதனால் "ஒரே ஒரு காய்தானே" என்று அங்கே யாரும் விட்டுவிடுவதில்லை.

எலுமிச்சை மூட்டைக்கே இவ்வளவு கவனம்! மனிதர்களை ஏற்றிக்கொண்டு ஆகாயத்தில் பறக்கும் விமானத்துக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

"விமானத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாரும் கேட்க முடியாது. அந்தக் காலம் போய்விட்டது. புளியங்குடி, கடையநல்லூர், தென்காசிப் பக்கத்தில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்கள். மதுரைக்கோ, தூத்துக்குடிக்கோ, திருவனந்தபுரத்துக்கோ போய் விமானம் ஏறுகிறார்கள். "வந்து சேர்ந்துவிட்டேன், அம்மா" என்று மகன் போன் செய்யும் வரையில் தாய்க்குத் தூக்கம் வராது.

அந்தத் தாயின் சார்பில்தான் இன்று எழுதுகிறோம்.

ஆகாயத்தில் ஓரம் கிடையாது

நம் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்.சி. எடுக்காமல் அது ரோட்டில் ஓடக் கூடாது. பிரேக், ஸ்டீயரிங், விளக்கு எல்லாவற்றையும் காட்டிச் சான்று வாங்க வேண்டும். இது சட்டம்.

"முடிந்தால் பிரேக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அரசாங்கம் யோசனை மட்டும் சொன்னால் என்ன ஆகும்? நல்லவர் பார்ப்பார். அவசரக்காரர் பார்க்க மாட்டார். ஏறி உட்காருகிற நமக்கு எந்த பஸ் பார்த்த பஸ், எந்த பஸ் பார்க்காத பஸ் என்று எப்படித் தெரியும்?

பஸ் கெட்டுப் போனால் ஓரமாக நிறுத்தலாம். இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். ஆகாயத்தில் ஓரம் ஏது? அதனால்தான் விமானத்தின் பாகங்களை அது பறப்பதற்கு முன்பே, தரையிலேயே சோதிக்க வேண்டியிருக்கிறது.

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். தேர் எவ்வளவு பெரியது! அச்சாணி எவ்வளவு சிறியது! விமானத்திலும் இதே கதைதான்.

சென்னைக்கு வராத விமானம்

1976-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி. பம்பாயிலிருந்து சென்னைக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று புறப்பட்டது. கேரவல் என்ற ரகத்தைச் சேர்ந்த விமானம் அது. புறப்பட்ட சிறிது நேரத்தில் ஓர் என்ஜின் உடைந்தது. தீப்பிடித்தது. விமானிகள் விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். ஆனால் தரையைத் தொடுவதற்குள் விமானம் அவர்கள் கட்டுக்கு அடங்காமல் விழுந்து நொறுங்கியது.

அதில் இருந்த 95 பேரும் மாண்டார்கள். "பத்ரகாளி" படத்தில் நடித்துக்கொண்டிருந்த நடிகை ராணி சந்திராவும் அவர்களில் ஒருவர்.

காரணம் என்ன? என்ஜினுக்குள் காற்றை அழுத்தும் பகுதியில் சுழலும் தட்டுகள் உண்டு. அவற்றில் ஒரு தட்டில் விரிசல் விழுந்திருந்தது. அந்தத் தட்டு உடைந்து சிதறி, எண்ணெய்க் குழாய்களை அறுத்துவிட்டது. அதனால் தீ. தீயினால் விமானத்தைத் திருப்பும் சாதனங்கள் செயலிழந்தன.

ஒரு தட்டில் ஒரு விரிசல். 95 உயிர்கள்!

இரும்பு எப்படிக் களைக்கிறது?

இரும்பில் விரிசல் எப்படி வரும் என்று கேட்கலாம். வீட்டில் ஒரு கம்பித் துண்டை எடுங்கள். ஒரு முறை வளைத்தால் உடையாது. இப்படியும் அப்படியுமாகப் பல முறை வளைத்தால் "டக்" என்று உடையும். மனிதனைப் போல உலோகமும் களைத்துப் போகிறது.

விமானம் மேலே ஏறும்போது அதன் பாகங்கள் இறுகுகின்றன. கீழே இறங்கும்போது தளர்கின்றன. ஆயிரக்கணக்கான தடவை இப்படி நடந்தால் மயிரிழை போன்ற ஒரு கோடு விழும். அது மெல்ல மெல்ல வளரும். வெறும் கண்ணுக்குத் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. ஒன்றைச் சொல்கிறோம். பாகத்தை நன்றாகத் துடைத்து, அதன் மேல் சிவப்புச் சாயத்தைப் பூசுவார்கள். சற்று நேரம் கழித்துத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தூவுவார்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்திருக்கும் சாயம் வெளியே கசியும். வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு தெரியும். ஒலி அலையைச் செலுத்தியும், மின்சாரத்தைக் கொண்டும் சோதிக்கும் முறைகளும் உண்டு.

ஆக, வழி இல்லாமல் இல்லை. அந்த வழியைத் தவறாமல் கையாள வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

84 ஆணிகள்

இன்னொரு சம்பவம். 1990-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி, இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரிலிருந்து ஸ்பெயினுக்கு ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் போனது. நடு வானத்தில் விமானியின் முன்னால் இருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. தலைமை விமானியின் பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டது! சிப்பந்திகள் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி தைரியமாக விமானத்தைக் கீழே இறக்கினார். தலைமை விமானியும் பிழைத்தார். ஓர் உயிரும் போகவில்லை. இதைத் தெய்வாதீனம் என்றே சொல்ல வேண்டும்.

விசாரித்ததில் என்ன தெரிந்தது? விமானம் புறப்படுவதற்கு முன்புதான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். அதை இறுக்கிய 90 போல்ட்டு ஆணிகளில் 84 ஆணிகள் கொஞ்சம் மெலிந்தவை. மற்ற 6 ஆணிகள் நீளம் குறைந்தவை. பழைய ஆணியையும் புதிய ஆணியையும் பக்கத்தில் வைத்துக் கண் அளவிலேயே ஒத்துப்பார்த்து எடுத்துவிட்டார்கள். அளவுப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. செய்த வேலையை இன்னொருவர் சோதிக்கவும் இல்லை.

மெலிவு எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லி மீட்டர்கூட இல்லை!

யோசனை வேறு, உத்தரவு வேறு

இனி நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம்.

விமானத்தின் ஒரு பாகத்தில் அபாயம் இருப்பதாகத் தெரிந்தால், அந்த விமானத்துக்கு அனுமதி தந்த நாடு கட்டாய உத்தரவு போடும். "இத்தனை நாளைக்குள் இந்தப் பாகத்தைச் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் விமானம் பறக்கக் கூடாது" என்பது அந்த உத்தரவு. நம் நாட்டில் டி.ஜி.சி.ஏ. என்ற சிவில் விமானத் துறை அலுவலகம் அதை இங்குள்ள விமானங்களுக்கும் கட்டாயம் ஆக்குகிறது. இது நல்ல ஏற்பாடு.

ஆனால் "அவ்வளவு அபாயம் இல்லை" என்று தோன்றினால், உத்தரவுக்குப் பதிலாக யோசனைக் கடிதம் வரும். "பார்த்தால் நல்லது" என்று அது சொல்லும். பார்க்காமல் விட்டால் சட்டப்படி குற்றம் இல்லை.

2018-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசாங்கத்தின் விமானத் துறை இப்படி ஒரு யோசனைக் கடிதம் அனுப்பியது. என்ஜினுக்கு எண்ணெய் போவதைத் திறந்து மூடும் சுவிட்சைப் பற்றியது அது. கை தவறிப் பட்டு அந்த சுவிட்சு நகராதபடி அதில் ஒரு சிறு பூட்டு உண்டு. குமிழை மேலே தூக்கித்தான் நகர்த்த முடியும். சில போயிங் 737 விமானங்களில் இந்தப் பூட்டு பிடிக்காமல் இருந்ததாகத் தகவல் வந்தது. அதே மாதிரியான சுவிட்சு உள்ள மற்ற போயிங் விமானங்களிலும் பார்க்கும்படி கடிதம் கூறியது. உத்தரவு போடவில்லை.

2025-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா போயிங் 787 விமானம், கிளம்பிய உடனே விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒரே ஒருவர் பிழைத்தார். தரையில் இருந்தவர்களில் 19 பேர் மாண்டார்கள். மொத்தம் 260 உயிர்கள்!

ஜூலை மாதம் முதல் கட்ட விசாரணை அறிக்கை வந்தது. இரண்டு என்ஜின்களின் எண்ணெய் சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் "மூடு" நிலைக்குப் போனதாக அது கூறியது. 2018-ம் ஆண்டுக் கடிதத்தைப் பற்றியும் கூறியது. அது கட்டாயம் அல்ல என்பதால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்றும் கூறியது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பூட்டு கெட்டதுதான் விபத்துக்குக் காரணம் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. யார் மீதும் நாம் பழி போடவில்லை. 

ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஜூலை 14-ந் தேதி டி.ஜி.சி.ஏ. கண்டிப்பான உத்தரவு போட்டது. 21-ந் தேதிக்குள் அந்தப் பூட்டுகளைச் சோதித்து முடிக்க வேண்டும் என்றது. ஏர் இந்தியாவும் சோதித்து முடித்தது. பழுது எதுவும் இல்லை என்று அறிவித்தது.

ஆறு வருஷமாக நடக்காத சோதனை ஒரே வாரத்தில் நடந்துவிட்டது! வேலை அவ்வளவு சுலபமானது. அப்படியானால் அதை முன்பே செய்ய வைக்காதது எது? "கட்டாயம்" என்ற ஒரே ஒரு சொல் இல்லாததுதான்.

அன்றே சோதித்திருந்தால், "பூட்டு சரியாக இருந்ததா?" என்ற சந்தேகமாவது இன்று எழாது. பிள்ளையை இழந்த வீட்டில் அந்தச் சந்தேகம்கூட ஒரு பெரிய பாரம்தான்.

செலவு ஆகாதா?

"ஒவ்வொரு ஆணியையும் தினமும் கழற்றிப் பார்த்தால் விமானம் எப்போது பறப்பது? டிக்கெட் விலை ஏறாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தேவையில்லாமல் கழற்றி மாட்டினாலும் தவறு நேரும். கண்ணாடி பறந்த விமானத்தில் தவறு நடந்ததே மாட்டும்போதுதான்.

எல்லாவற்றையும் தினமும் கழற்றச் சொல்லவில்லை. கெட்டுப் போனால் உயிருக்கு ஆபத்தான பாகங்கள் எவை என்று நிபுணர்களுக்குத் தெரியும். அவற்றை எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். அந்த நாளைத் தள்ளிப்போடக் கூடாது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2000-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி அமெரிக்காவில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் கடலில் விழுந்து 88 பேர் மாண்டார்கள். வால் பகுதியை ஏற்றி இறக்கும் திருகு ஒன்றின் மரை தேய்ந்துபோய் இருந்தது. தேவையான கிரீஸ் போடப்படவில்லை. கிரீஸ் போடுவதற்கும், தேய்மானம் பார்ப்பதற்கும் உள்ள கால இடைவெளியை அதிகமாக்கிக்கொண்டே போனார்கள் என்று விசாரணையில் வெளிவந்தது.

ஒரு டப்பா கிரீஸின் விலை என்ன? 88 உயிர்களின் விலை என்ன?

செய்ய வேண்டியவை

முதலாவது: பாகங்களைச் சோதிக்கச் சொல்லும் யோசனைக் கடிதம் வந்தால், நம் அரசாங்கம் அதை மூலையில் வைக்கக் கூடாது. ஒன்று, கட்டாய உத்தரவாக்க வேண்டும். அல்லது, ஏன் ஆக்கவில்லை என்று காரணம் எழுதி ஊரறிய வெளியிட வேண்டும்.

இரண்டாவது: உத்தரவு போட்டால் போதாது, அது நடந்ததா என்று பார்க்க ஆள் வேண்டும். டி.ஜி.சி.ஏ.யில் ஏறத்தாழப் பாதி இடங்கள் காலியாக இருப்பதாக 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் பார்லிமெண்ட் குழு ஒன்று எடுத்துக் காட்டியது. காவலாளி இல்லாத தோட்டத்துக்கு வேலி எதற்கு? அந்த இடங்களை நிரப்பியே ஆக வேண்டும்.

மூன்றாவது: "இந்தப் பாகம் சரியில்லை, விமானம் போகக் கூடாது" என்று கையெழுத்துப் போட மறுக்கும் மெக்கானிக்கைக் காப்பாற்ற வேண்டும். அவர் நேரத்தைக் கெடுப்பவர் அல்ல, உயிரைக் காப்பவர்.

நான்காவது: பாகங்களைச் செய்கிற இடத்திலும் கண்டிப்பு வேண்டும். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி நகரங்களை இணைத்து, ராணுவத் தளவாடங்களும் விமானப் பாகங்களும் செய்யும் தொழில் வழித்தடம் 2019-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஐ.டி.ஐ. படித்த நம் பிள்ளைகளுக்கு நல்ல வேலை கிடைக்கும் இடம் அது. அங்கே கடைசல் பிடிக்கும் தம்பி ஒரு நூல் அளவு தவறவிட்டாலும், அவன் முகத்தையே அறியாத ஒருவர் உயிர் போகலாம். இதை அவனுக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

நமக்கும் ஒரு வேலை உண்டு

எல்லாவற்றையும் அரசாங்கத்தின் தலையில் போட்டுவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. "சோதனை நடக்கிறது, விமானம் இரண்டு மணி நேரம் தாமதம்" என்று அறிவித்தால் கூச்சல் போடுகிறோமே, அது சரியா? நாம் போடும் கூச்சல்தான் அவசரமாகக் கையெழுத்துப் போட வைக்கிறது. காரணத்தைக் கேளுங்கள், தவறில்லை. பாகத்தைப் பார்க்கிறார்கள் என்றால் பொறுமையாக இருங்கள்.

புளியங்குடியில் ஒரு தாய் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறாள். அந்தப் போன் இரண்டு மணி நேரம் தாமதமாக வரலாம். வராமல் போகக் கூடாது.

சின்ன ஆணிதானே என்று விடாதீர்கள். அந்த ஆணியில்தான் அவளுடைய குடும்பம் தொங்குகிறது!