திமிரியா, பாரியா?

கல்ச்சுரல்ஸ் வந்தா போதும், கிடார் வாங்கணும், கீபோர்டு வாங்கணும்னு ஆளாளுக்குக் கிளம்பிடுவோம். "நாதஸ்வரம் வாங்கப் போறேன்"னு ஒருத்தன் சொல்லட்டுமே... "யாருக்கு மச்சி கல்யாணம்?"னு கேட்டே ஓட்டிடுவாங்க!

ஓட்டறவங்க ஓட்டட்டும். வாங்கறவர் கடையில முதல்ல சந்திக்கப் போற கேள்வி இதுதான்: திமிரியா, பாரியா?

திமிரி குட்டை. நாலு, அஞ்சு கட்டை சுருதியில கணீர்னு பாயும். பாரி நீளம். ரெண்டு, ரெண்டரை கட்டையில கம்பீரமா நிக்கும். கீபோர்டு பார்ட்டிகளுக்குப் புரியற மாதிரி சொன்னா, ரெண்டு கட்டைன்னா 'டி', அஞ்சு கட்டைன்னா 'ஜி'. குழல் குட்டையானா சுருதி ஏறும், அவ்வளவுதான் ஃபிசிக்ஸ். வெஸ்டர்ன்லயும் இதே கதைதான். பிக்கலோ டிரம்பெட்டோட குழாய் சாதா டிரம்பெட்ல பாதி நீளம். அதனால ஒரு ஸ்தாயி மேல பேசும். 1967-ல பீட்டில்ஸோட 'பென்னி லேன்' பாட்டுல ஜொலிச்சதே, அதேதான்!

மைக் இல்லாத காலத்துல திமிரிதான் ராஜா. நம்ம விருதுநகர் பங்குனிப் பொங்கல் மாதிரி கூட்டமும் வெடிச் சத்தமும் சேர்ந்தா, அதைக் கிழிச்சுக்கிட்டு வர உச்ச சுருதி வேணுமே! ஆனா ஒரு சிக்கல். திமிரியில சுத்த மத்யமம் சரியா நிக்கலை. திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) விடலை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோட சேர்ந்து பாரியைச் செதுக்க வெச்சார். அவர் சீடர் காருகுறிச்சி அருணாசலம், நமக்குப் பக்கத்துல கோவில்பட்டியில வாழ்ந்தவர். 1962-ல வந்த 'கொஞ்சும் சலங்கை'யில அவர் வாசிச்சதைக் கேளுங்க. பாரியோட குரல் எப்படின்னு புரியும்.

சரி பாஸ், எதை வாங்கறது?

எங்கே, யாரோட வாசிக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. வீதி, திறந்தவெளின்னா திமிரி. கச்சேரி மேடைன்னா பாரி. மாத்தி வாங்கினா பணமும் போச்சு, பக்கத்துல வாசிக்கறவரோட சுருதியும் சேராது.

ரெண்டு பாரியை ஒப்பிடணுமா? ஒரே சீவாளியைப் போட்டு ரெண்டையும் ஊதணும். சீவாளி மாறினா குரலே மாறிடும். அப்புறம் எந்தக் கருவியைக் குறை சொல்றது? சுருதிப் பெட்டியை ஆன் பண்ணி ச, ம, ப, மேல் ச... நாலும் சேருதான்னு பாருங்க. 'ம'வுல ஜாக்கிரதை! கூட வந்த நண்பனைத் தள்ளி நிக்க வெச்சுக் கேட்கச் சொல்லுங்க. மரத்துல விரிசல் இருக்கான்னு தடவிப் பாருங்க. நரசிங்கம்பேட்டையில பழைய வீடுகள்ல இருந்து எடுத்த ஆச்சா மரத்துல செய்வாங்க. நல்லாக் காய்ஞ்ச மரமாச்சே! 2022-ல புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு.

இதையெல்லாம் ஊதிப் பார்த்துச் சொல்ல, பழகின வாய் வேணும். அதனால கடைக்கு முன்னாடி வாத்தியாரைப் பிடிங்க. விருதுநகர்லயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு, நாதஸ்வரமும் சொல்லித் தர்றாங்க. வயசு வரம்பு உண்டு, ஃபைனல் இயர் பார்ட்டிகள் சீக்கிரம் விசாரிங்க!

கருவி அடுத்த வருஷமும் கடையில இருக்கும். அந்த மூச்சுக்குத்தான் இப்போ வயசு.