உத்தரவு கையில், பிள்ளை எங்கே?

போன மாதம் ஒரு காலை, வாசல் கேட்டைத் தட்டினாள் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே திருமணச் சான்றிதழ், இரண்டு பிறப்புப் பத்திரங்கள், கசங்கிய போலீஸ் புகார்.

"அக்கா, அவரு சின்னவனைத் தன் அம்மா வீட்டுல கொண்டுபோய் வெச்சிட்டாரு. விவாகரத்து முடிஞ்சாத்தான் பிள்ளையைக் கேக்க முடியும்னு சொல்றாங்க. நெசமா?"

ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவள் நான். இந்தக் கேள்வியை எத்தனையோ தாய்மார்கள் கேட்டுவிட்டார்கள். பதில் ஒன்றுதான்: நிஜமில்லை.

சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டை கோயில் தலைவர் வரைக்கும் போகும். கங்காணி ஓர் அதட்டல் போடுவார். பிள்ளை எந்த லயத்தில் தூங்குகிறது என்பது தோட்டத்துக்கே தெரியும். இன்று பால்மரம் போய்ச் செம்பனையும் தாமானும் வந்துவிட்டன. ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. ஆகவே உத்தரவு வேண்டும். அதுவும் சீக்கிரம் வேண்டும்.

முஸ்லிம் அல்லாதோரின் மணவிலக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உயர்நீதிமன்றத்தில் நடக்கிறது. பொதுவாகத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். இருவரும் சம்மதித்தால் கூட்டு மனு போடலாம், விரைவில் முடியும். ஒருவர் மறுத்தால் முதலில் தேசியப் பதிவு இலாகாவின் திருமணச் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். அங்கே உங்களுக்காக வழக்கறிஞர் பேச முடியாது. ஆறு மாதத்துக்குள் சமரசம் ஆகாவிட்டால் சான்றிதழ் தருவார்கள். அதைக் கொண்டுதான் மனு. கணவர் விட்டுப் போய் இருக்குமிடமே தெரியவில்லை என்பதுபோன்ற சில நிலைமைகளில் இதற்கு விலக்கு உண்டு.

இதற்கெல்லாம் பிள்ளை காத்திருக்க வேண்டியதில்லை. 1961ஆம் ஆண்டு சிறார் பாதுகாவலர் சட்டத்தின் கீழ், மணவிலக்கு மனுவுக்கு முன்பே பராமரிப்பு உரிமை கேட்கலாம். நீதிபதி பார்ப்பது பிள்ளையின் நலனைத்தான். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பதே நல்லது என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் அனுமானிக்கிறது. ஆனால் அது மாற்ற முடியாத விதி அல்ல. தகுந்த காரணம் காட்டினால் தந்தைக்கும் கிடைக்கலாம். விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார்கள்.

தாமதித்தால் என்ன ஆகும்? நம் ஈப்போவின் பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியை மறக்க முடியுமா? 2009இல் அவருடைய கணவர் மதம் மாறினார். தாய்க்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் மாற்றினார். 11 மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஷரியா நீதிமன்றம் தந்தைக்கு உரிமை கொடுத்தது. 2010இல் ஈப்போ உயர்நீதிமன்றம் தாய்க்குக் கொடுத்தது. பெற்றோர் இருவரின் சம்மதமும் இல்லாத அந்த மதமாற்றம் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னபோது தேதி 2018 ஜனவரி 29. நாடு முழுவதற்கும் வழிகாட்டும் தீர்ப்பு அது. ஆனால் அன்றுகூட அந்தத் தாயின் கையில் மகள் இல்லை.

அவர் தாமதிக்கவில்லை, ஓடாத இடமில்லை. அப்படி ஓடியவருக்கே அந்த நிலை என்றால், "பார்த்துக்கலாம்" என்று உட்கார்ந்திருப்பவருக்கு?

இது தந்தைமாருக்கும் பொருந்தும். பிள்ளையைத் தாய்வீட்டில் மறைத்து வைத்துப் புருஷனைப் பழிவாங்கும் பெண்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் பிறகு யாரையும் நம்புவதில்லை.

பையில் இருந்ததை எடுத்து ஒழுங்காக அடுக்கினேன். சின்னவனின் கிளினிக் அட்டையும், பாலர் பள்ளிக் கட்டண ரசீதும் சேர்க்கச் சொன்னேன். இதுவரை அவனை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றாள். அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருப்பதைச் சொன்னேன்.

"அடுத்த வாரம் போறேன்கா."

"நாளைக்கே போம்மா."

மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் அவளிடமிருந்து அழைப்பு. சட்ட உதவி இலாகா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.