குழந்தைக்கு நடந்ததை மறைத்தால் ஆசிரியருக்கு சிறை... வெளியே சொன்னால் என்ன பாதுகாப்பு? கிருஷ்ணகிரி சம்பவங்கள் எழுப்பும் கேள்வி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆறு மாத இடைவெளியில் வெளியான இரண்டு சம்பவங்கள் தமிழ்நாட்டையே உலுக்கின.

முதலாவது, 2024 ஆகஸ்ட். பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் பயிற்சி நடந்தது. அங்கே தங்கியிருந்த சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகப் புகார் எழுந்தது. என்.சி.சி.க்கும் அந்த முகாமுக்கும் சம்பந்தமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மாணவி பள்ளியில் சொன்னபோது, 'பெரிசு பண்ணாதே' என்கிற மாதிரி அடக்கிவிட்டார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. பயிற்சியாளர் என்று வந்தவருடன் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். ஐ.ஜி. பவானீஸ்வரி தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழுவும், சமூக நலத்துறைச் செயலாளர் ஜெயஸ்ரீ முரளிதரன் தலைமையில் பல்நோக்குக் குழுவும் அமைக்கப்பட்டன.

இரண்டாவது, 2025 பிப்ரவரி. அதே மாவட்டத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளி. 13 வயது மாணவியை பாலியல் வன்கொடுமை செய்ததாக மூன்று ஆசிரியர்கள் போக்சோ சட்டத்தில் கைது செய்யப்பட்டார்கள். மாணவி பல நாட்களாகப் பள்ளிக்கு வராததால் தலைமை ஆசிரியர் விசாரித்தார், அதற்குப் பிறகுதான் விஷயம் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் போலீசுக்கும் போனது என்று அப்போது வெளியான செய்திகள் கூறின.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பள்ளியில் தெரிந்தவர்கள் மூடி மறைத்ததாகப் புகார். இன்னொரு பள்ளியில் 'ஏன் இந்தப் பிள்ளை வரலை?' என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விதான் வழக்கின் தொடக்கம்.

அப்படிக் கேட்கிற, வெளியே சொல்கிற பள்ளி ஊழியருக்கு நம் சட்டம் என்ன கடமை வைத்திருக்கிறது? என்ன பாதுகாப்பு கொடுக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

சொல்லாம இருந்தா என்ன ஆகும்?

போக்சோ சட்டம், 2012. இதன் 19-வது பிரிவுப்படி, ஒரு குழந்தைக்கு பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலோ, போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர், வாட்ச்மேன், வேன் டிரைவர் என்று யாருக்கும் விலக்கு இல்லை.

சொல்லாவிட்டால் 21-வது பிரிவு பாயும். 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டுமே. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் 1 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம்.

இதை உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில், பள்ளி விடுதி சிறுமிகளுக்கு சிகிச்சை அளித்த மருத்துவர் குற்றம் பற்றித் தெரிந்தும் சொல்லவில்லை என்று வழக்கு. அந்த வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளுபடி செய்து, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது.

ஆதாரம் வேணுமா? ஹெச்.எம். பர்மிஷன் வேணுமா?

இரண்டுமே வேண்டாம். தகவல் சொல்வது மட்டும்தான் உங்கள் வேலை. விசாரிப்பது போலீஸ் வேலை. 'முதலில் நாங்களே விசாரிக்கிறோம்' என்று பள்ளிக்குள் பஞ்சாயத்து வைத்து இரண்டு வாரம் கடத்துவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 இருக்கிறதே, மேலதிகாரியைக் கேட்காமல் போனால் நடவடிக்கை வருமே என்று பல ஆசிரியர்கள் தயங்குவார்கள். ஊடகத்திடம் பேசுவது, அலுவலக ரகசியத்தை வெளியே விடுவது வேறு; சட்டம் கட்டாயம் என்று சொல்கிற தகவலைப் போலீசுக்குச் சொல்வது வேறு. இதற்கு ஹெச்.எம்., பி.இ.ஓ., சி.இ.ஓ. யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நான் சொன்னது தப்பாப் போச்சுன்னா?

நல்ல நோக்கத்தோடு தகவல் சொன்னவர் மீது சிவில் வழக்கோ, கிரிமினல் வழக்கோ போட முடியாது. இது 19-வது பிரிவின் 7-வது உட்பிரிவு. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு, உண்மைதான். ஆனால் ஒருவரை அவமானப்படுத்த, மிரட்ட, பணம் பறிக்க என்று வேண்டுமென்றே சொன்ன பொய்க்குத்தான் அது. சந்தேகப்பட்டுச் சொன்னது பிறகு நிரூபணமாகவில்லை என்பதற்காக யாரையும் தண்டிக்க முடியாது.

அப்புறம் ஏன் பயம்?

இங்கேதான் ஓட்டை. போக்சோ சட்டம் உங்களை வழக்கிலிருந்து காப்பாற்றும். டிரான்ஸ்பரிலிருந்து காப்பாற்றாது.

ஓசூர் நகரத்தில் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை, சக ஆசிரியர் மீது புகார் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மீது யாரும் கேஸ் போட வேண்டியதே இல்லை. அஞ்செட்டி மலைப்பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினால் போதும். உத்தரவில் 'நிர்வாகக் காரணம்' என்று இரண்டே வார்த்தை இருக்கும். பழைய வருகைப் பதிவேட்டைத் தோண்டி ஒரு மெமோ கொடுக்கலாம். இன்கிரிமென்ட்டை நிறுத்தலாம். ஸ்டாஃப் ரூமில் யாரும் பேசாமல் ஒதுக்கலாம். தனியார் பள்ளி என்றால் இன்னும் சுலபம், 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் தடுக்கத்தான் ஒரு சட்டம் போட்டார்கள்.

11 வருடத்துக்கு மேலாக அமலுக்கு வராத சட்டம்

2003 நவம்பரில், தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கே எழுதிய இன்ஜினியர் சத்யேந்திர துபே பீகாரின் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு முழுக்க எழுந்த கோபத்தால் 2004-ல் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. ஊழல் பற்றிப் புகார் தருபவரின் பெயரை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் ரகசியமாக வைக்கும். ஆனால் அது மத்திய அரசுக்கும் அதன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கும் மட்டும்தான். மாநில அரசுப் பள்ளி ஊழியர் அதற்குள் வரமாட்டார்.

அடுத்து வந்ததுதான் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், 2014. நாடாளுமன்றம் நிறைவேற்றியது, 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. இதில் மாநில அரசு ஊழியர்களும் வருகிறார்கள். ஊழல் மட்டுமல்ல, அரசு ஊழியர் செய்யும் கிரிமினல் குற்றம் பற்றிய தகவலும் வருகிறது. புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிட்டால் 3 ஆண்டு வரை சிறை. முக்கியமாக, 'இது பழிவாங்கல் இல்லை' என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் துறையின் தலையில்.

ஆனால் சட்டம் எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது என்று அறிவிப்பு வரவே இல்லை. 2015-ல் ஒரு திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையில் தேங்கிக் காலாவதியானது. சட்டப் புத்தகத்தில் சட்டம் இருக்கிறது, டீச்சருக்குப் பயன்படவில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பொதுப் பள்ளி ஊழியர்களுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. முறைகேட்டைச் சொன்ன ஊழியரைப் பழிவாங்கும் அதிகாரிக்கு 10,000 டாலர் வரை அபராதமும் 1 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். இங்கே சொல்லாதவருக்குத் தண்டனை எழுதிவைத்த நாம், சொன்னவரைப் பழிவாங்குபவருக்குத் தண்டனையை அமலுக்குக் கொண்டுவரவில்லை.

இப்போது இருக்கிற ஒரே வழி கோர்ட். தண்டனைக்குப் பதிலாகப் போடப்படும் டிரான்ஸ்பர் உத்தரவு செல்லாது என்று 2008-ல் சோமேஷ் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை வைத்து சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். ஆனால் வக்கீல் செலவு, அலைச்சல், காத்திருப்பு எல்லாமே புகார் சொன்னவருடையது.

ஓசூர் பக்கம் இது ஏன் இன்னும் முக்கியம்?

ஓசூரைச் சுற்றியுள்ள சிப்காட் பகுதிகளில் அப்பா, அம்மா இருவருமே ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீடுகள் ஏராளம். வெளி மாநிலத்திலிருந்து வந்து, சொந்தம் பந்தம் இல்லாமல் வாடகை அறையில் இருக்கும் குடும்பங்களும் உண்டு. அந்தக் குழந்தையின் முகம் வாடியிருப்பதை முதலில் கவனிக்கிற பெரியவர் பெரும்பாலும் டீச்சராகத்தான் இருப்பார்.

எல்லையோர மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள்: தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி என்று குழந்தைக்குத் தெரிந்த மொழி வேறாக இருந்தால், மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். குடும்பம் அத்திப்பள்ளி பக்கம் குடிபோய்விட்டாலும் பிரச்சினை இல்லை. 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' முறைப்படி கர்நாடகப் போலீசும் புகாரைப் பதிவு செய்து இங்கே அனுப்ப வேண்டும். 'இது எங்க லிமிட் இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது.

பள்ளி ஊழியர் என்ன செய்யலாம்?

• குழந்தை சொன்னதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள்.

• 1098-க்கு அழையுங்கள், அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணிலும் சொல்லலாம். ஆனால் துறைக்குச் சொன்னது போலீசுக்குச் சொன்னதாக ஆகாது.

• வாய்மொழியாகச் சொன்னாலும் அன்றைக்கே எழுத்திலும் கொடுங்கள். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

• ஹெச்.எம்.மிடம் சொன்னால், தேதி, நேரம், சொன்ன விஷயம் மூன்றையும் தனியாகக் குறித்து வையுங்கள். பிறகு மெமோவோ டிரான்ஸ்பரோ வந்தால், எது முதலில் நடந்தது என்று காட்ட அதுதான் ஆதாரம்.

• ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். குழந்தையின் பெயர், படம், வகுப்பு என்று அடையாளம் தெரியும்படி எதை வெளியிட்டாலும் உங்கள் மீதே வழக்கு வரலாம்.

• லஞ்சம், போலி பில் போன்ற முறைகேடு என்றால் லஞ்ச ஒழிப்புத்துறை, லோக் ஆயுக்தா இரண்டும் இருக்கின்றன. ஆனால் அங்கேயும் டிரான்ஸ்பரைத் தடுக்கும் கேடயம் இல்லை.

கிருஷ்ணகிரி சம்பவங்களுக்குப் பிறகு குழுக்கள் அமைந்தன, சுற்றறிக்கைகள் வந்தன, 'புகார் சொல்லுங்கள்' என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்ன பிறகு அந்த டீச்சர் அதே பள்ளியில் அடுத்த ஜூனிலும் பாடம் நடத்துவார் என்ற உறுதியை யாரும் கொடுக்கவில்லை. அந்த உறுதி 2014-லேயே எழுதப்பட்டுவிட்டது. பாக்கி இருப்பது ஒரு தேதி மட்டும்தான்.